ஒரே லேப்டாப், ரெண்டு வேலை: பூட் மெனுவை நாமே செட் பண்ணுவோம்

ஓசூர்ல இருந்து பேசுறேன். கொஞ்ச நாளா வர்ற மெசேஜ்கள்ல ஒரே கேள்வியைப் பல பேர் பல விதமா கேட்டிருக்கீங்க. "ப்ரோ, என்கிட்ட இருக்கிறது ஒரு லேப்டாப்தான். விண்டோஸை விட முடியாது, லினக்ஸும் கத்துக்கணும். டூயல் பூட் போடலாமா? டேட்டா போயிடுமா?"

போடலாம். ஒழுங்கா பண்ணா டேட்டா போகாது. இந்த எபிசோடில் எப்படிப் போடுறதுன்னு பார்ப்போம். அதோட, லேப்டாப்பை ஆன் பண்ணதும் ரெண்டு வரியா வருதே ஒரு மெனு, அதைப் பற்றியும் கொஞ்சம் பேசணும். நம்ம தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான பேர் அந்த மெனுவை ஏற்கெனவே பார்த்திருக்காங்க. பார்த்துட்டு என்ன பண்ணோம்கிறதுலதான் விஷயமே இருக்கு.

நம்ம ஊருக்கு இது ஏன் வேணும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி சும்மா ஒரு ஹாபி கிடையாது. சிப்காட்ல மெயின்டெனன்ஸ்ல இருக்கிற டிப்ளமோ பையனை எடுத்துக்கோங்க. அவன் வேலைக்கு வேண்டிய சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். பிஎல்சி புரோகிராம் பண்ற சிமென்ஸ் டிஐஏ போர்ட்டல் விண்டோஸ். டிசைன் பண்ற சாலிட்வொர்க்ஸ் விண்டோஸ். கம்பெனி கணக்குப் பார்க்கிற டேலியும் விண்டோஸ்தான்.

அதே பையன் அத்திப்பள்ளியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு வேலைக்குப் போகணும்னு நினைச்சா, அங்கே கேட்கிறது வேற. சர்வர் லினக்ஸ்ல ஓடுது. டாக்கர் தெரியுமா, டெர்மினல் பழக்கம் இருக்கான்னு கேட்பாங்க. ரோபோ பக்கம் போகணும்னா ஆர்ஓஎஸ் கத்துக்கணும், அது முதன்மையா உபுண்டுவுக்குன்னே செஞ்சது.

ஆக, பகல் வேலைக்கு ஒரு சிஸ்டம், அடுத்த வேலைக்கு இன்னொரு சிஸ்டம். ரெண்டு லேப்டாப் வாங்க எல்லார்கிட்டயும் காசு இருக்காது. இருக்கிற ஒண்ணுக்கே ஈஎம்ஐ ஓடிட்டிருக்கும். அதையும் வீட்ல தங்கச்சியோட பங்கு போட்டுக்கணும்.

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன். உங்ககிட்ட 16 ஜிபி ரேம் இருக்கிற புது மெஷின்னா, டூயல் பூட் இல்லாமலே விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஓட்டலாம். டபிள்யூஎஸ்எல்னு அதுக்கே வசதி இருக்கு. கோடிங் கத்துக்க அது தாராளமா போதும். ஆனா 4 ஜிபி ரேம் இருக்கிற பழைய லேப்டாப்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓட்டினா ரெண்டுமே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட மெஷினுக்கு டூயல் பூட்தான் சரி. ஒரு நேரத்துல ஒரு சிஸ்டம்தான் ஓடும். முழு ரேமும் அதுக்கே.

இன்னொரு காரணமும் இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0 வேணும், குறிப்பிட்ட பிராசஸருக்கு மேலதான் வேணும். நல்லா ஓடிட்டிருக்கிற எத்தனையோ லேப்டாப் அந்த லிஸ்ட்ல வராது. அதைப் பழைய விலைக்குத் தள்ளிவிடறதுக்கு முன்னாடி, இன்டர்நெட் வேலைக்கு லினக்ஸ், அந்த ஒரே ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் பழைய விண்டோஸ்னு பிரிச்சு வச்சுக்கலாம்.

ஏற்கெனவே நம்ம கைக்கு வந்த மெனு

2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசோட விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்குச்சு. எல்காட் மூலமா டெண்டர் விட்டு, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கொடுத்தாங்க. கோவிட் வர்ற வரைக்கும் கணக்குப் போட்டா ஏறக்குறைய 50 லட்சம் லேப்டாப். உலகத்துல வேற எங்கேயும் ஒரு மாநில அரசு இந்த அளவுக்குச் செஞ்சிருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் வந்துச்சு. பாஸ்னா பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னையில் இருக்கிற சிடாக் உருவாக்கினது. டெபியன்கிற லினக்ஸை அடித்தளமா வச்சு 2007-ல் முதல் பதிப்பு வந்துச்சு. தமிழ் உட்பட இந்திய மொழிகள்ல மெனு, கீபோர்டு எல்லாம் அதுல உண்டு. அதாவது நம்ம ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளை கையில, சென்னையில் செஞ்ச ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், தமிழ்ல, இலவசமா இருந்துச்சு.

என்ன ஆச்சு? என் வயசுக்காரங்களுக்குத் தெரியும். மெனு வரும், விண்டோஸ்ல என்டர் தட்டுவோம். இன்னொரு வரி எதுக்குன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. படம் வைக்க, கேம் போட இடம் பத்தலைன்னதும் மொபைல் கடைக்குக் கொண்டு போய், "அண்ணா, அந்த இன்னொண்ணைத் தூக்கிடுங்க"ன்னு சொல்லுவோம். அவரும் தூக்கிடுவார். ஹார்ட் டிஸ்க்ல கொஞ்சம் ஜிபி மிச்சம்.

இதுல பசங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ரெண்டு வழி இருக்குன்னு மெனு காட்டும். ரெண்டாவது வழி எங்கே போகுதுன்னு அது சொல்லாது. 10 செகண்டுல யாரும் புதுசா ஒரு முடிவு எடுக்க மாட்டோம், பழகினதைத்தான் தட்டுவோம். ஒண்ணுமே தட்டலைன்னா மெஷின் தானா ஒண்ணை எடுத்துக்கும். அதுக்குப் பேர் டிஃபால்ட். டூயல் பூட்ல எல்லாரும் பார்டிஷனைப் பற்றியே பேசுவாங்க. உண்மையில நம்ம பழக்கத்தை மாத்துறது அந்த டிஃபால்ட்தான்.

2025-26 பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு மறுபடியும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் கொடுக்கிறதா அறிவிச்சுது. அதனாலதான் இந்தப் பேச்சு இப்போ முக்கியம்.

ஆன் பண்ணா என்ன நடக்குது

ஓசூர் பஸ் ஸ்டாண்டை மனசுல வச்சுக்கோங்க. தமிழ்நாட்டு பஸ்ஸும் வரும், கர்நாடக பஸ்ஸும் வரும். ஸ்டாண்டு ஒண்ணுதான். எந்த பஸ் இப்போ கிளம்பணும்னு டைம் கீப்பர் சொல்லுவார்.

லேப்டாப்லயும் அப்படித்தான். பவர் பட்டனை அழுத்தினதும் முதல்ல முழிக்கிறது மதர்போர்டு சிப்ல இருக்கிற யுஇஎஃப்ஐ. இதுக்கு முன்னாடி இந்த வேலையைப் பார்த்தது பயாஸ். அது டிஸ்க்ல ஒரு சின்ன பார்டிஷனைத் தேடும். இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்னு பேர். விண்டோஸ் போடும்போது பெரும்பாலும் 100 எம்பி அளவுல தானா உருவாகியிருக்கும். அதுக்குள்ள விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர், தனித்தனியா இருக்கும். எதை முதல்ல கூப்பிடணும்னு ஒரு வரிசையை யுஇஎஃப்ஐ தன் நினைவுல வச்சிருக்கும்.

லினக்ஸ் ஃபோல்டர்ல இருக்கிறவர்தான் நம்ம டைம் கீப்பர். பேர் கிரப். 1995-ல் தொடங்கின புராஜெக்ட். இப்போ நாம பயன்படுத்துறது அதோட ரெண்டாம் பதிப்பு. வரிசையில் கிரப் முதல்ல இருந்தா மெனு வரும். விண்டோஸ் முதல்ல இருந்தா மெனுவே வராம நேரா விண்டோஸ் திறக்கும்.

இந்த ஒரு பாராவை ஞாபகம் வச்சுக்கிட்டா, பின்னாடி வர்ற பிரச்சினையில பாதி உங்களுக்குப் பிரச்சினையாவே தெரியாது.

போடுறதுக்கு முன்னாடி

முதல்ல பேக்கப். போட்டோ, சர்டிஃபிகேட், புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாத்தையும் வெளியில ஒரு டிஸ்க்லயோ பென் டிரைவ்லயோ எடுத்து வைங்க. அதே டிஸ்க்ல வேற டிரைவ்ல காப்பி பண்ணா அது பேக்கப் ஆகாது.

ரெண்டாவது, பிட்லாக்கர். புது விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட உள்ளே போனா, டிஸ்க் நமக்குத் தெரியாமலே என்கிரிப்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பூட் செட்டிங்ல கை வச்சதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அந்தக் கீ இல்லைன்னா டிஸ்க்ல இருக்கிறதை யாராலும் எடுக்க முடியாது. சர்வீஸ் சென்டராலும் முடியாது. அதனால மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள்ள போய் அந்தக் கீயை எடுத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. லேப்டாப்லயே சேவ் பண்ணி வைக்காதீங்க, பூட்டுக்குள்ளேயே சாவியை வச்ச கதை ஆயிடும்.

மூணாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆன்ல இருந்தா, ஷட் டவுன் பண்ணாலும் விண்டோஸ் முழுசா தூங்காது, பாதி முழிப்புல இருக்கும். லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தா "படிக்கலாம், எழுத முடியாது"ன்னு வரும். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷனுக்குப் போய் இதை ஆஃப் பண்ணுங்க.

நாலாவது, இடம் ஒதுக்குறது. விண்டோஸ் பார்டிஷனை விண்டோஸுக்குள்ள இருந்தே சுருக்குங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஷ்ரிங்க்னு இருக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டின்னா லினக்ஸுக்கு 60 ஜிபி கொடுத்தா கத்துக்கிறதுக்கு நல்லாவே போதும். அந்த இடத்தை ஃபார்மேட் பண்ணாம காலியாவே விடுங்க.

ஐந்தாவது, கரண்ட். சிரிக்காதீங்க. பழைய லேப்டாப்ல பேட்டரி செத்துப்போய் சார்ஜர்லயே ஓடும். மாதாந்திரப் பராமரிப்புன்னு கரண்ட் கட் பண்ற நாள்ல இந்த வேலையைத் தொடாதீங்க. பார்டிஷன் நகர்ற நேரத்துல மெஷின் அணைஞ்சா, அப்போதான் உண்மையிலேயே டேட்டா போகும்.

போடும்போது

வரிசை முக்கியம். விண்டோஸ் முதல்ல, லினக்ஸ் அடுத்து. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது தன்னைத்தான் முதல் வரிசையில வச்சுக்கும், பக்கத்துல வேற யாராவது இருக்காங்களான்னு பார்க்காது. கிரப் அப்படி இல்லை. பக்கத்துல இருக்கிறவரைத் தேடிப் பிடிச்சு மெனுவுல சேர்க்கும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு போதும். ரூஃபஸ் அல்லது வென்டாய் வச்சு லினக்ஸை அதுல ஏத்துங்க. பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணதும் உடனே இன்ஸ்டால் அமுக்காதீங்க. இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கிற வசதி இருக்கு. அதுல வைஃபை வருதா, சவுண்ட் வருதா, டச்பேட் வேலை செய்யுதான்னு அரை மணி நேரம் பாருங்க. வராத வைஃபை, இன்ஸ்டால் பண்ண பிறகும் தானா வந்துடாது.

இன்ஸ்டாலர் கேட்கிற கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணுதான் ஆபத்தானது. "விண்டோஸோட சேர்த்து இன்ஸ்டால் பண்ணவா, டிஸ்க்கை முழுசா அழிக்கவா?" இங்கே மட்டும் ரெண்டு தடவை படிச்சுட்டு அமுக்குங்க. டிஸ்க்கே தெரியலைன்னு இன்ஸ்டாலர் சொன்னா, சில இன்டெல் லேப்டாப்ல ஆர்எஸ்டி மோடு ஆன்ல இருக்குன்னு அர்த்தம். அதை அவசரமா ஏஹெச்சிஐக்கு மாத்தினா விண்டோஸ் எழுந்திரிக்காம நின்னுடலாம். அந்த இடத்துல நிறுத்திட்டு, உங்க மாடலுக்கான வழிமுறையைப் பார்த்துட்டு அப்புறம் தொடருங்க.

மெனுவை நம்ம இஷ்டத்துக்கு மாத்துறது

கிரப்போட செட்டிங் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு. இடிசி ஃபோல்டர், அதுக்குள்ள டிஃபால்ட் ஃபோல்டர், அதுல கிரப்னு ஒரு ஃபைல். மூணு வரி தெரிஞ்சா போதும்.

டைம்அவுட்ங்கிறது எத்தனை செகண்ட் காத்திருக்கணும்கிறது. வீட்ல ரெண்டு பேர் பயன்படுத்துற லேப்டாப்னா 10 வைங்க. நீங்க மட்டும்னா 5.

டிஃபால்ட்ங்கிறது யாரும் எதுவும் தட்டலைன்னா எது திறக்கணும்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்துல இருந்து தொடங்கும். பூஜ்யம்னா முதல் வரி. அதுக்குப் பதிலா சேவ்டுன்னு போட்டு, சேவ்டிஃபால்ட் வரியை ட்ரூன்னு வச்சா, கடைசியா எதைத் தேர்ந்தெடுத்தீங்களோ அதுவே அடுத்த முறையும் வரும். விண்டோஸ் அப்டேட் நடுவுல மூணு தடவை ரீஸ்டார்ட் ஆகும்போது இது ரொம்ப உதவும்.

மூணாவது, ஓஎஸ் புரோபர். பக்கத்து சிஸ்டத்தைத் தேடுறது இதுதான். கிரப் 2.06 பதிப்புல இருந்து பாதுகாப்புக்காக இதை ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. உங்க மெனுவுல விண்டோஸ் வரலைன்னா, டிசேபிள் ஓஎஸ் புரோபர்ங்கிற வரியை ஃபால்ஸ்னு மாத்துங்க.

ஃபைலை சேவ் பண்ணா மட்டும் போதாது. உபுண்டு, டெபியன் வகைன்னா டெர்மினல்ல சுடோ போட்டு அப்டேட்-கிரப் கமாண்டை ஓட்டணும். அப்போதான் புது மெனு எழுதப்படும்.

கூடவே கடிகாரம். விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்துல உள்ளூர் நேரம் இருக்குன்னு நம்பும். லினக்ஸ் அதுல உலகப் பொது நேரத்தை வைக்கும். நமக்கு வித்தியாசம் 5 மணி 30 நிமிஷம். லினக்ஸ்ல இருந்து வெளியே வந்து விண்டோஸ் திறந்தா, காலை 9 மணிக்கு லேப்டாப் 3.30-ன்னு காட்டும். எதுவும் கெட்டுப்போகலை. லினக்ஸ்ல டைம்டேட்சிடிஎல் கமாண்ட்ல செட்-லோக்கல்-ஆர்டிசி 1-ன்னு ஒரு தடவை கொடுத்தா சரியாயிடும்.

மெனு காணாம போனா

எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதுதான். "அண்ணா, விண்டோஸ் அப்டேட் ஆச்சு, லினக்ஸ் போயிடுச்சு." பதறாதீங்க. பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. வரிசைதான் மாறியிருக்கும். ஆன் பண்ணும்போது எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலிட், உங்க மாடலுக்கு எதுவோ அதைத் தட்டி பூட் ஆர்டருக்குள்ள போங்க. உபுண்டுவை மேலே தூக்கி வைங்க. மெனு திரும்பி வந்துடும். இதுக்குக் கடைக்குக் கொண்டு போய் ஃபார்மேட் பண்றது, பஸ் லேட்டுன்னு பஸ் ஸ்டாண்டையே இடிக்கிற மாதிரி.

ஆனா 2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் அப்டேட் கொஞ்சம் வேற ரகம். பழைய, ஓட்டை இருக்கிற பூட் லோடர்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு பட்டியலைப் புதுப்பிச்சாங்க. டூயல் பூட் மெஷின்களை அது தொடக்கூடாதுன்னுதான் திட்டம். ஆனா சில மெஷின்ல டூயல் பூட் இருக்கிறதை அது கண்டுபிடிக்கத் தவறிடுச்சு. லினக்ஸ் பக்கம் போனா செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்னு சொல்லி நின்னுடுச்சு. முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்லதான் வந்துச்சு. நடுவுல பலர் செஞ்சது, செக்யூர் பூட்டைத் தற்காலிகமா ஆஃப் பண்ணி லினக்ஸுக்குள்ள போய், அந்தப் பாலிசியை நீக்கிட்டு, மறுபடி செக்யூர் பூட்டை ஆன் பண்றது. செக்யூர் பூட்டைத் தொட்டா பிட்லாக்கர் என்ன கேட்கும்? அந்த 48 இலக்கத்தைத்தான். நோட்டுல எழுதச் சொன்னது இதுக்குத்தான்.

இதுல இருந்து ஒரு விஷயம் புரியுது. ஒரே டிஸ்க்ல ரெண்டு சிஸ்டம் இருக்கும்போது, ஒருத்தர் செய்யற மாற்றம் அடுத்தவரைப் பாதிக்கலாம். அதனால லினக்ஸ் ஏத்தின பென் டிரைவை அழிச்சு வேற வேலைக்கு எடுக்காதீங்க. மேசை டிராயர்ல ஒரு ஸ்டெப்னி மாதிரி கிடக்கட்டும்.

இந்த வாரத்துக்கான வேலை

எல்லாம் போட்டாச்சுன்னு வைங்க. இப்போ டிஃபால்ட்டா எதை வைக்கப்போறீங்க?

என் கருத்து இதுதான். ஷிஃப்ட் நேரத்துல லேப்டாப்பைத் திறந்தா உடனே பிஎல்சி சாஃப்ட்வேர் வேணும்னா விண்டோஸையே டிஃபால்ட்டா வைங்க, லைன் நின்னுட்டிருக்கும்போது மெனு பார்க்க நேரம் இருக்காது. ஆனா இந்த மெஷினை நீங்க ராத்திரியில மட்டும், கத்துக்கிறதுக்காகத் திறக்கிறீங்கன்னா, லினக்ஸை முதல் வரியா வைங்க. டயர்டா வந்து உட்காரும்போது கை தானா என்டர் தட்டும். என்டர் தட்டினதும் எது திறக்குதோ அதைத்தான் கத்துக்குவோம். 30 நாள் அப்படி ஓட்டிப் பாருங்க, டெர்மினல் பயம் பாதி போயிடும்.

இன்னொண்ணு. உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ தம்பி, தங்கச்சி யாருக்காவது அரசு லேப்டாப் கிடைச்சு, அதுல ரெண்டாவது ஒரு சிஸ்டம் இருந்தா, ஃபார்மேட் பண்ண விடாதீங்க. பக்கத்துல ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்து காட்டுங்க. தமிழ்ல டைப் பண்ண வைங்க, ஒரு சின்ன பைதான் புரோகிராம் ஓட்ட வைங்க. அந்த ரெண்டாவது வரி எதுக்குன்னு எங்க பேட்ச்ல சொல்ல ஆள் இல்லை. அவங்களுக்கு நீங்க இருக்கீங்க.

மெனு வரலைன்னா, வந்தும் விண்டோஸ் தெரியலைன்னா, உங்க லேப்டாப் மாடல், திரையில வந்த மெசேஜோட போட்டோ ரெண்டையும் அனுப்புங்க. "வேலை செய்யலை"ன்னு மட்டும் அனுப்பினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது மக்களே. அடுத்த எபிசோடில் பார்ப்போம். பேக்கப் எடுத்துட்டீங்கதானே?